எருமைநாக்குக்கு ஒரு நல்ல பேர்

மேல்பக்கத்தைத் தடவினால் அரம்போலக் கையை இழுக்கும், கீழ்ப்பக்கத்தைத் தடவினால் தண்ணீரில் ஊறிய சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். மேலே சேற்றுக் கறுப்பு, கீழே சுண்ணாம்பு வெள்ளை. இரண்டு கண்ணும் கறுப்புப் பக்கத்திலேயே ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்க, வாய் மட்டும் யாரோ கன்னத்தைப் பிடித்து ஒரு பக்கமாக இழுத்துவிட்டதுபோலக் கோணிக்கொண்டிருக்கும். திருவொற்றியூர் கடற்கரையில் விடியும் முன்பே ஈர மணலில் வந்து விழும் அந்தத் தட்டை மீனுக்கு எங்கள் குப்பத்தில் 'எரும நாக்கு' என்று பெயர். ஏன் என்று கேட்பவர்கள் எருமையைக் கிட்டத்தில் பார்க்காதவர்கள். எங்கள் பக்கம் வந்தால் பார்க்கலாம். நடுரோட்டில் படுத்துக்கொண்டு, மணலிக்குப் போகிற டேங்கர் லாரி எத்தனை ஹாரன் அடித்தாலும் எழுந்திருக்காமல், நாக்கை நீட்டித் தன் மூக்கைத் தானே துழாவிக்கொண்டிருக்கும். அந்த நாக்கும் இந்த மீனும் ஒரே அச்சு.

பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பத்தாம் வகுப்போடு உறவு முறிந்துவிட்டது. யார்மேல் தப்பு என்பதை இரண்டு தரப்பும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் இந்த ஒரு மீனைப் பற்றி அரபியில் தொடங்கி லத்தீன்வரை என்னால் பிரசங்கம் செய்ய முடியும். பெருமைக்காகச் சொல்லவில்லை, வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். இத்தனை பாஷைகளில் அலைந்தும் எனக்கு வேண்டிய ஒரு பேர் ஒன்றில்கூட உருப்படியாகக் கிடைக்கவில்லை.

முதலில் எங்கள் கரையில் ஏலம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். படகு வந்ததும் மீனைக் குவியல் குவியலாக மணலில் கொட்டுவார்கள். ஒரு குவியலுக்கு 'கூறு' என்று பேர். ஏலம் விடுகிறவர் துரைக்கண்ணு. நாங்கள் எல்லோரும் அவரை 'துரை நைனா' என்போம். சுற்றி நிற்கும் மீன்காரப் பெண்கள் கேட்கக் கேட்க விலை ஏறும், கடைசியில் யார் கேட்டார்களோ அவர் பேரை நைனா மூன்று தடவை கூவுவார். மூன்றாவது கூவலுக்குள் அந்தப் பெண் வந்து கூறின்மேல் கை வைக்க வேண்டும். வைக்காவிட்டால், அதற்கு முன்னால் கேட்டவளுக்கு அந்தக் கூறு போய்விடும். அலையும் காற்றும் போடுகிற கூச்சலில் அப்பா பேர், வீட்டு விலாசம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியாதே. கரையில் செல்விகளே நான்கு பேர். அதனால் ஒவ்வொருத்திக்கும் ஒரு பட்டப்பேர். மீனோடு ஐஸும் விற்கிறவள் 'ஐஸ் செல்வி', பம்பாயில் வாழ்க்கைப்பட்டுத் திரும்பியவள் 'பாம்பே செல்வி', குள்ளமானவள் 'குட்ட செல்வி'. என் அம்மா 'விசில் செல்வி'. மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தி விலை கேட்டால், அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்று நாக்கை மடித்து ஒரு விசில் அடிப்பார். நைனா திரும்பிக்கூடப் பார்க்காமல் விலையை ஏற்றுவார். அந்த விசிலில் எனக்கு இருந்த பெருமையை எந்தப் பரீட்சை மார்க்கும் எனக்குக் கொடுத்ததில்லை. மார்க்கே வந்ததில்லை என்பது தனிக் கதை.

நான் ஏழாம் வகுப்பில் இருந்த ஆடி மாதத்தில் ஒருநாள் காலை, அம்மா வாய் கொப்பளித்தபோது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பாதி தூங்கிப்போயிருந்தது. கண் மூடவில்லை, வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டு போயிருந்தது. ஆடிக் காற்று பட்டுவிட்டது என்று தெரு சொன்னது, நரம்பு வீங்கியிருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்து, மூடாத கண்ணில் தூசி விழாமல் இருக்கப் பஞ்சு வைத்து ஒட்டி, தினமும் பலூன் ஊதச் சொல்லி அனுப்பினார்கள். சில மாதத்தில் தானாகச் சரியாகிவிடுமாம். வீடு முழுக்க அரைகுறையாக ஊதிய பலூன்கள் உருண்டன. பார்த்தவர்கள் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்கள். உதடு சேராததால் 'ப'வும் 'ம'வும் அம்மாவுக்கு வரவில்லை. என் பேர் பாபு. அந்த மாதம் முழுக்க அது அம்மா வாயில் 'ஹாஹு' என்றுதான் வந்தது. வெளியில் சிரித்தேன், உள்ளே சிரிப்பு வரவில்லை.

இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு மூன்றாம் நாள் அம்மா மீன் சுமக்கிற அலுமினிய அன்னக்கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார். நானும் கூடப் போனேன். விசில் வராது என்பதால், விலை கேட்பதற்கு அன்னக்கூடையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். ஒரு கண்ணில் பஞ்சு, மற்றக் கண்ணால் பார்ப்பதற்காகக் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற அம்மாவையும், காலடியில் கிடந்த மீனையும் மாறி மாறிப் பார்த்த ஐஸ் செல்வி வாயைத் திறந்தாள்.

"இன்னாமே செல்வி, எரும நாக்காட்டம் ஒரு பக்கமா பாத்துகினு நிக்கிற?"

கரையே சிரித்தது. சிரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ வைத்துக் கூட்டிக்கொண்டு போனதே ஐஸ் செல்விதான். ஆனால் எங்கள் கரையில் சிரிப்பு வந்துவிட்டால் பேர் ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அடுத்த கூறு அம்மாவுக்கு விழுந்தபோது, நைனா ஒரு நொடி தயங்கினார். விசில் இல்லாதவளை விசில் என்று எப்படிக் கூவுவது? பிறகு மணலி ஃபேக்டரி சைரன் மாதிரி ஒரு குரல் எழுந்தது.

"எரும நாக்கு செல்விக்கு! எரும நாக்கு! எரும நாக்கு!"

அம்மா நகரவில்லை. கூறு பாம்பே செல்விக்குப் போனது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். அம்மா விலை கேட்பார், நைனா கூவுவார், அம்மா கல்லாக நிற்பார், கூறு கைமாறும். காரணம் எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கூவின பேருக்குப் போய்க் கை வைத்துவிட்டால் அந்தப் பேரை வாங்கிக்கொண்டதாகக் கணக்கு. பிறகு சுடுகாடுவரை அதுதான். செத்த பிறகு ஒட்டுகிற போஸ்டரில்கூட அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். அதனால் அம்மா காலி அன்னக்கூடையோடு வீட்டுக்கு வந்து, பழைய கருவாடு இருந்தவரை அதை விற்றார். அதுவும் தீர்ந்த பிறகு வீட்டில் ரசமும் முறைப்பும்தான். காலடிப்பேட்டைத் தெருக்களில் அம்மாவுக்காகக் காத்திருந்த வாடிக்கை வீடுகள் வேறு ஆளிடம் வாங்க ஆரம்பித்தன. ஒரு வாடிக்கை வீடு கைவிட்டுப் போனால் திரும்பி வராது. டேங்கர் லாரி ஓட்டிவிட்டு ஒருநாள் வீட்டுக்கு வந்த அப்பா சமாதானம் சொன்னார்.

"பேருதானே மாறிச்சு, மூஞ்சியா மாறிச்சு?"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு லாரிக்கே போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் நேராகத் துரை நைனாவிடம் போனேன்.

"நைனா, எங்கம்மா பேர மாத்து."

"நானாடா வச்சேன்? கரை வச்சிது. நான் வெறும் ஸ்பீக்கரு."

"விசில் செல்வின்னே கூவு."

"விசிலு எங்க? அடிக்கச் சொல்லு, கூவுறேன்."

"அதுக்கோசரம் எருமையா?"

"எரும இல்லடா, மீனு. மீனு பேரு விழுந்தா விழுந்ததுதான், அத்த மாத்த முடியாது." நைனா பீடியைப் பற்றவைத்துக்கொண்டு யோசித்தார். என்னைச் சீண்டுவதற்காகத்தான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. "ஒண்ணு பண்ணு. அதே மீனுக்கு வேற பாஷைல நல்லதா ஒரு பேரு இருந்தா கொண்டா. கூவுறேன். ஆனா அர்த்தத்தோட கொண்டா. அர்த்தம் தெரியாத பேர நான் கூவ மாட்டேன். ஒரு தபா கப்பல்காரன் பேச்ச நம்பி இன்னாவோ கூவிட்டு, ஒதைக்கு பயந்து ஓடனவன் நானு."

வேறு எந்தப் பையனாக இருந்தாலும் அழுதுகொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். எனக்கோ குஷி. உலகத்தில் எத்தனை பாஷை இருக்கிறது, இத்தனை பாஷைக்காரர்களில் ஒருத்தனாவது இந்த மீனைப் பார்த்து 'வெள்ளித்தட்டு', 'சந்திரன்', 'ராணி' என்று ஏதாவது வைத்திருக்க மாட்டானா? நம் ஊர் ஆட்களுக்குத்தான் வாய் கோணல், மற்ற ஊர் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று நம்பிய வயது அது.

முதலில் மாட்டியவர் பஷீர் பாய். வளைகுடா நாட்டில் மீன்பிடிப் படகில் வருஷக்கணக்கில் இருந்துவிட்டு வந்து, எங்கள் தெருமுனையில் பழைய டயர் கடை வைத்திருந்தார். கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அரபிக்காரர்கள் இந்த ஜாதி மீனைச் 'சமக் மூசா' என்பார்களாம், மூசா நபியின் மீன். நபி கோலால் அடித்துக் கடலை இரண்டாகப் பிளந்தபோது, நடுவில் நீந்திக்கொண்டிருந்த இந்த மீனும் இரண்டாகிப் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமும் போய்விட்டது, அதனால்தான் இன்றும் ஒரு பக்கம் மட்டும் நிறம், ஒரு பக்கம் மட்டும் கண் என்று அவர் டயரின்மேல் கையை வைத்து வெட்டிக் காட்டியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நபியின் பெயர்! இதைவிட மரியாதை என்ன வேண்டும்? மூச்சிரைக்க ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கன்னத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உதடு சேர்கிறதா என்று ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டா பொளந்த மீனா? நல்லா கீதுடா. இப்பவே பாதி மூஞ்சின்னுதான் பாக்குறாளுங்கோ. நீ அத்த நபி பேர்ல வேற எழுதிக் குடு."

அது போனது. அடுத்து ராயபுரத்தில் கோயில் பின்சந்தில் இருந்த சேவியர் மாமா. அப்பாவின் சிநேகிதர், கப்பலில் சமையல்காரராக உலகம் சுற்றியவர். ஒரு கேள்வி கேட்டால் மூன்று துறைமுகம் கூட்டிக்கொண்டு போய்விட்டுத்தான் பதிலுக்கு வருவார். ஸ்பெயின்காரன் இதை 'லெங்குவாதோ' என்பான் என்று அவர் சொன்னபோது, அந்த ஓசையிலேயே நான் மயங்கிவிட்டேன். லெங்குவாதோ செல்வி! பட்டுப்புடவை கட்டின பேர் மாதிரி இல்லை?

"அர்த்தம் இன்னா மாமா?"

"நாக்கு."

"ஜெர்மன்காரன்?"

"கடல் நாக்கு."

"டச்சுக்காரன்?"

"அவன் சோம்பேறி. வெறும் நாக்கு."

"இங்கிலீசு?"

"சோல். அது லத்தீன்லேர்ந்து வந்துதுன்னு எங்க சர்ச் ஃபாதர் சொல்லிக்கீறாரு. செருப்பு."

"செருப்பா?"

"செருப்புதாண்டா. அடி தேய்ஞ்ச செருப்பு எப்படிக் கீது, அப்படித்தானே அதுவும் கீது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. "ஒலகத்துல ஒருத்தனுக்குக்கூடவா மாமா அத்தப் பாத்து பூன்னு தோணல?"

"தட்டையா கீறதப் பாத்தா இன்னாடா தோணும்? நாக்கு, செருப்பு. சப்பாத்தின்னு வைக்காம வுட்டானுங்களேன்னு சந்தோசப்படு."

சப்பாத்தியாவது பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே வந்தேன். அன்று இரவு செருப்பு விஷயத்தை அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை. வாசலில் கிடந்த ஒன்று பறந்து வந்தது. முகத்தில் பாதிதான் வேலை செய்யவில்லை, கை இரண்டும் நன்றாகவே வேலை செய்தன.

கடைசியில் எங்கள் அறிவியல் சாரிடம் போனேன். வகுப்பில் கேள்வியே கேட்காத நான் கை தூக்கியதைப் பார்த்து, சிறுநீர் கழிக்க அனுமதி என்று நினைத்துப் போகச் சொன்னார். மீனுக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் வேண்டும் என்றேன். அந்த வருஷம் நான் கேட்ட ஒரே கேள்வி என்பதாலோ என்னவோ, மறுநாள் அவர் எங்கிருந்தோ ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். படம் பார்த்ததும் அதுதான் என்று அடையாளம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு லத்தீன் பேரை எழுத்துக்கூட்டினார். "செட்டோடெஸ்... எருமெய்." நிறுத்தினார். இன்னொரு தடவை படித்தார். பிறகு மேசையைத் தட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "டேய், இது நம்ம எருமைடா!" வெகுகாலம் முன்னால் தரங்கம்பாடிப் பக்கத்திலிருந்து இந்த மீனை வெள்ளைக்காரர்கள் பாடம்பண்ணி அவர்கள் ஊருக்கு அனுப்பியிருக்கிறார்கள். கரையில் இருந்தவர்களிடம் பேர் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஆட்கள் 'எருமை நாக்கு' என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த வெள்ளைக்காரன் நாக்கை விட்டுவிட்டு எருமையை மட்டும் ஓட்டிக்கொண்டு போய் லத்தீனில் கட்டிவிட்டான். தமிழ் எங்கெல்லாம் போயிருக்கிறது பார் என்று சார் பெருமையில் நெகிழ்ந்துபோனார், வகுப்பு உருண்டு சிரித்தது. நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். லத்தீனிலாவது தப்பிக்கலாம் என்று போனால், எனக்கு முன்னாலேயே அங்கே போய் எருமை படுத்துக்கொண்டு அசைபோட்டுக்கொண்டிருக்கிறது. ஜப்பான்காரன் புத்தகத்தைப் பிரித்தாலும் அதுதான், ரஷ்யாக்காரன் புத்தகத்தைப் பிரித்தாலும் அதுதான். இனி எந்த ஊருக்கு ஓடுவது?

அதே பக்கத்தின் ஓரத்தில் இங்கிலீஷ் பேர் ஒன்று தனியாக இருந்ததைச் சார் சிரிப்பு அடங்கிய பிறகுதான் பார்த்தார். 'இந்தியன் ஹாலிபட்.' அர்த்தம் அவருக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் பையோடு ராயபுரத்துக்கு ஓடினேன்.

"ஆமாண்டா, ஹாலிபட்!" சேவியர் மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "மறந்தே பூட்டேன் பாரு. ஹாலின்னா புனிதம். பட்டுன்னா தட்ட மீனு. அந்தக் காலத்துல வெள்ளக்காரன் திருநாளுக்குக் கறி சாப்புட மாட்டான், இத்தத்தான் ஆக்கித் தின்னுவான். திருநாள் மீனு."

நான் அந்தச் சந்திலேயே ஒரு குதி குதித்தேன். மாமா என் தோளைப் பிடித்து நிறுத்தி இன்னொன்றும் சொன்னார். நிஜமான ஹாலிபட் பனிக்கடலில் இருக்கிற பெரிய மீனாம், ஆள் உயரம்கூட வளருமாம். நம் மீனுக்கு அந்தப் பேரைச் சும்மா ஒட்டிவிட்டிருக்கிறார்களாம். ஒட்டின பேர்தான் எனக்கு வேண்டும் என்றேன். துரை நைனாவிடம் அதையும் சேர்த்தே சொன்னேன். அவர் நாலைந்து தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, "திருநாளு மீனா? நல்லாத்தான் கீது. நாளைக்கே கூவிப்புடலாம்" என்றார். அம்மாவும் மறுக்கவில்லை. அன்று சாயங்காலம் பலூனை ஊதி ஊதி நடுநடுவே அந்தப் பேரைச் சொல்லிப் பழகினார். 'ஹாலி' சுலபமாக வந்தது, உதடே தேவையில்லை. 'பட்'டில் போய் மாட்டிக்கொண்டது. ஆனாலும் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அம்மா சிரித்தது, அந்த மாதத்தில் முதல் தடவை.

மறுநாள் விடிகாலை காற்று பேயாக அடித்தது. நான் கவிழ்த்து வைத்திருந்த ஒரு ஃபைபர் படகின்மேல் ஏறி நின்றுகொண்டேன், என் வெற்றியை நான் பார்க்க வேண்டாமா? நல்ல வஞ்சிரம் கூறு. அம்மா அன்னக்கூடையைத் தூக்கினார், பாம்பே செல்வி கேட்டாள், அம்மா மறுபடி தூக்கினார், ஐஸ் செல்வி விளையாட்டுக்கு ஒரு விலை கேட்டாள், அம்மா இன்னொரு தடவை தூக்கினார். விழுந்தது. நைனா தொண்டையைச் செருமிக்கொண்டு, கலியாணச் சத்திரத்தில் பேர் வாசிக்கிறவர்போல நிமிர்ந்து நின்றார்.

"ஹாலிபட்டு!"

கரையே திரும்பிப் பார்த்தது.

"யாருமே அது? பாரின் செல்வியா?" என்றாள் குட்ட செல்வி. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவும் பார்த்தார். என் கண்ணால் கண்டேன். அம்மாவும் மற்றவர்களோடு சேர்ந்து, யார் அந்தப் பாக்கியவதி என்று தேடினார். சாயங்காலமெல்லாம் வாயில் பழகிய பேர், காதுக்குப் பழகவில்லை.

"ஹாலிபட்டு!"

"யம்மா! நீதான்! யம்மோவ், நீதாம்மா!" படகின்மேலிருந்து கத்தினேன். காற்று என் குரலைப் பிடித்து எண்ணூர் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது. அம்மா குனிந்து, தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியைச் சுற்ற ஆரம்பித்திருந்தார்.

"ஹாலிபட்டு!"

மூன்றாவது கூவல் முடிந்தது. ஆள் இல்லாத கூறு. ஐஸ் செல்வி வந்து கை வைத்தாள். நான் குதித்து ஓடி வந்து சேர்ந்தபோது அடுத்த கூறுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சங்கரா மீன், சிவப்பாக, கண் தெளிவாக. அம்மா கூடையைத் தூக்கினார். அம்மாவுக்கே விழுந்தது. துரை நைனா என்னைப் பார்த்தார். கரையில் ஏறக் காத்திருந்த மற்றப் படகுகளைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கூவினார்.

"எரும நாக்கு!"

அம்மா திரும்பினார்.

இரண்டாவது கூவல் தேவைப்படவில்லை. நடந்து போனார், குனிந்தார், கூறின்மேல் கை வைத்தார். கரையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது நான் யார்மேலாவது மண்ணை வாரி வீசியிருப்பேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் அம்மாவோடு சண்டை போட்டேன். இத்தனை நாள் பட்டினியாக நின்றதெல்லாம் வீண், ஒரு நிமிஷம் பொறுத்திருந்தால் நாளைக்கு அந்தப் பேர் பழகியிருக்கும், ஊர் ஊராக அலைந்தவன் நான், கை வைத்தது நீ என்று. அம்மா அன்னக்கூடையிலிருந்து முகத்தில் வழிந்த மீன் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே நடந்தார். ஒட்டின பஞ்சு நனைந்து தொங்கியது.

"கூப்ட்டான், திரும்பிட்டேன். இன்னா பண்ணச் சொல்ற?" என்றார், ஒரு கையால் கன்னத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "அங்க தெருவுல அல்லாரும் அடுப்ப பத்தவச்சிகினு காத்துகினு கீறாங்கோ. நாக்கோ செருப்போ, வெயிலு ஏர்றதுக்குள்ள நட."

தீபாவளிக்குள் முகம் நேராகிவிட்டது. பஞ்சு போனது, பலூன்கள் தெருப் பிள்ளைகளுக்குப் போயின, என் பேரில் 'ப' திரும்பி வந்தது. ஒருநாள் காலை கரையில் அம்மா நாக்கை மடித்து, பழைய மாதிரியே ஒரு விசில் அடித்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நைனாவைப் பார்த்தேன். அவரும் சந்தோஷத்தில் துண்டைச் சுழற்றிக்கொண்டு கூவினார்: "எரும நாக்கு விசிலு அடிக்குதுடோய்!"

இதுக்குமேல் என்ன சொல்ல?

இப்போது நான் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். கரையிலிருந்தும் ஐஸ் ஃபேக்டரியிலிருந்தும் மீன்பெட்டி ஏற்றிக்கொண்டு போகிற வேலை. புத்தி இன்னும் திருந்தவில்லை, புதிதாக ஒரு பாஷைக்காரனைப் பார்த்தால் அந்த மீனின் பேரைக் கேட்டுவிடுவேன். ஐஸ் ஃபேக்டரியில் வேலை செய்கிற வங்காளத்துப் பையனிடம் போன வாரம் போனில் படம் காட்டிக் கேட்டேன். அதன் சின்ன ஜாதி ஒன்றை அவர்கள் ஊரில் 'குக்குர்ஜீப்' என்பார்களாம். நாய் நாக்கு. நான் தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்து அவன் பயந்துவிட்டான்.

படத்தைத்தான் காட்ட முடிந்தது, ஏனென்றால் மீன் இல்லை. அடியில் சேறும் மணலும் சுத்தமாக இருந்தால்தான் அது படுக்கும். எண்ணூர் முகத்துவாரத்தில் கரண்டு கம்பெனிச் சாம்பலும் கசிந்த எண்ணெயும் வந்து படிய ஆரம்பித்த பிறகு எங்கள் சின்னப் படகுகளில் அது வருவது குறைந்து, பிறகு அரிதாகி, இப்போது வந்தால் செல்போனில் படம் எடுக்கிற அளவுக்கு ஆகிவிட்டது. தூரக்கடலில் பெரிய போட்டுக்காரர்களுக்குக் கிடைப்பது கரையைத் தொடாமல் பெட்டியோடு கம்பெனிக்குப் போய்விடுகிறது. துரை நைனாவும் இல்லை. எங்கள் தெருவில் இருக்கிற பிள்ளைகளில் ஒன்றுகூட எருமைநாக்கு மீனைக் கையில் தொட்டதில்லை.

ஆனால் அம்மாவை அவர்களும் 'எரும நாக்கு ஆயா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்களிடம் விளக்கமும் தயாராக இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன் என்னிடமே சொன்னான்: "ஆயாவுக்கு வாய் ஜாஸ்திண்ணா. யார வேணும்னாலும் எருமயாட்டம் நாக்கால ஒரே இழுப்பு இழுத்துடும், அதான்." ஒரு மாதம் முழுக்கப் பேசவே முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாகத் துப்பின என் அம்மா, இன்று தெருவின் பெரிய வாயாடி. நான் அரபியிலும் லத்தீனிலும் நல்ல அர்த்தம் தேடி அலைந்தேன். கடைசியில் தமிழிலேயே இருந்த அர்த்தமும் போய்விட்டது.

போனை எடுத்தேன். படத்தைக் காட்டி, டேய், இது ஒரு மீன்டா, ஆயா வாயைப் பற்றின பேர் இல்லை என்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பையனைக் கூப்பிட்டும் விட்டேன். அவன் வந்து நிற்கும்போதுதான் தோன்றியது. மீனைக் காட்டினால், அந்த மீனுக்கும் ஆயாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பான். இழுத்துக்கொண்டு போன வாயையும் பஞ்சு ஒட்டின கண்ணையும் சொல்ல வேண்டிவரும்.

வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"வாயாடின்னே நெனச்சிக்கட்டும், வுடு."

"இன்னாண்ணா கூப்ட்ட?" என்றான் பையன்.

"ஒண்ணும் இல்ல, போ" என்றேன். அவன் ஓடிவிட்டான். எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.